யூரியா மூட்டைக்குள் எரிவாயு

கல்வராயன் மலையடிவாரத்தில் மக்காச்சோளம் பயிரிடும் உழவர் 45 கிலோ யூரியா மூட்டையை 266 ரூபாய் 50 காசுக்கு வாங்குகிறார். அது இயற்கை எரிவாயுவிலிருந்து உருவாவது என்பது அவ்விலையில் தெரிவதில்லை. மணலி உர ஆலை 2019-இல் நாப்தாவைக் கைவிட்டு, எண்ணூரில் கப்பலில் வந்திறங்கும் எரிவாயுவுக்கு மாறியது. நாட்டின் எரிவாயுத் தேவையில் ஏறத்தாழப் பாதி இறக்குமதிதான்.

உக்ரைன் போரையடுத்து 2022-இல் ஐரோப்பிய நாடுகள் கூடுதல் விலை கொடுத்து எரிவாயுக் கப்பல்களைத் தம் பக்கம் திருப்பின. கள்ளக்குறிச்சி உரக்கடையில் யூரியா விலை அசையவில்லை. மத்திய அரசின் உர மானியம் 2022-23-இல் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. உழவர் தாங்க இயலாத சுமையை அரசு தாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. கத்தாருடன் 2024-இல் கையெழுத்தான ஒப்பந்தம் ஆண்டுக்கு 75 லட்சம் டன்னை 2048 வரை உறுதிசெய்கிறது. விலையோ கச்சா எண்ணெயோடு ஏறி இறங்கும். யூரியா மட்டும் இவ்வளவு மலிவாகவும் பொட்டாஷ் விலையேறியும் இருக்கும்வரை, தேவைக்கு மேல் யூரியா இடுவது நிற்காது. அந்த மிகையும் டாலர் கொடுத்து வாங்கிய எரிவாயுதான். மண் பரிசோதனைக்குச் செலவிடுவதை வர்த்தகக் கொள்கையாகவே நான் கருதுகிறேன்.