பிள்ளையின் ரகசியம் கேட்பவருக்குப் பதினொரு மாத வேலையா?

ஜூஜுவாடி சோதனைச் சாவடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். இந்தப் பக்கம் சிப்காட். தந்தை இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் தாய் கம்பெனி பஸ் ஏறுகிறார். பிள்ளை தானே சீருடை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். வீட்டில் உருது, தெருவில் தெலுங்கும் கன்னடமும், வகுப்பில் தமிழ். வடமாநிலத் தொழிலாளியின் பிள்ளைக்கோ வீட்டில் இந்தி அல்லது ஒடியா. இந்தப் பிள்ளையின் மனதில் ஒரு பயம் புகுந்துவிட்டால் அதை யாரிடம் சொல்லும்? எந்த மொழியில் சொல்லும்?

கேள்வி கற்பனையல்ல. 2024 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி மாணவிகளிடம் நடந்த கொடுமையை நாடே அறிந்தது. முகாம் நடத்தியவன் மட்டுமல்ல, விஷயத்தைப் போலீசுக்குச் சொல்லாமல் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். ஆறு மாதம்கூடக் கழியவில்லை. 2025 பிப்ரவரியில் இதே மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் மூன்று ஆசிரியர்கள் எட்டாம் வகுப்பு மாணவியின் விஷயத்தில் கைது செய்யப்பட்டார்கள். மாணவி நாள்கணக்கில் பள்ளிக்கு வராததை விசாரித்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. பயத்தைச் சொல்வதற்கு அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்குள்ளேயே ஓர் ஆள், ஓர் அறை, ஒரு கதவு இருந்திருக்க வேண்டாமா?

உச்ச நீதிமன்றம் சொன்னது

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த 17 வயது மாணவி 2023இல் இறந்துபோனது தொடர்பான வழக்கு அது. 100 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிலையங்கள், பிள்ளைகளின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும் என்று அதில் கூறப்பட்டது. 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டியிருக்கிறது. இந்தத் தீர்ப்பு எவ்வளவு அவசியம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆனால் சகோதரர்களே! நியமிக்கச் சொன்ன தீர்ப்பு, என்ன சம்பளம், எத்தனை ஆண்டு வேலை, எத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர் என்று வரையறுக்கவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் நம்முடைய புத்தி வேலை செய்யத் தொடங்குகிறது.

ஒரு பள்ளியின் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நான் அமர்ந்திருந்தேன். நம்மவர்கள் நடத்தும் பள்ளி. பேச்சு இந்தத் தீர்ப்பின் பக்கம் திரும்பியது. "மாதம் எட்டாயிரம் கொடுத்தால் படித்த பெண் ஒருத்தி வருவாள். பதினொரு மாத ஒப்பந்தம் போதும். ஓய்ந்த நேரத்தில் ஆபீஸ் வேலையும் பார்க்கட்டும், ஆசிரியர் லீவு போட்டால் வகுப்பையும் கவனிக்கட்டும்" என்றார் ஒருவர். பலர் தலையாட்டினார்கள். நானும் அன்று வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் இன்றுவரை உறுத்துகிறது.

வியாபாரிக்குப் புரியும் கணக்கு

வியாபாரிகளே! உங்களுக்குத் தெரிந்த விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பல பங்காளிகள் சேர்ந்து ஒரு கடை நடத்துகிறீர்கள். கணக்கைச் சரிபார்க்க ஓர் ஆளை வைக்கிறீர்கள். கல்லாவில் உட்காரும் பங்காளி, 'நான் நினைத்தால் நாளைக்கே உன்னை அனுப்பிவிடுவேன்' என்று அவரிடம் சொல்லிவைத்தால், கல்லாவில் குறையும் காசைப் பற்றி அவர் மற்றப் பங்காளிகளிடம் வாய் திறப்பாரா?

பள்ளி உளவியலாளரின் நிலையும் இதுதான். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, பிள்ளைக்கு நேர்ந்த கொடுமை தெரியவந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. குற்றம் செய்தவர் அதே பள்ளியின் ஆசிரியராக இருந்தால்? தாளாளருக்கு வேண்டியவராக இருந்தால்? பதினொரு மாதம் முடிந்ததும் அதே தாளாளரிடம் போய்க் கையெழுத்துக்கு நிற்க வேண்டிய பெண் என்ன செய்வார்? சொன்னால் வேலை போகும்; சொல்லாவிட்டால் சட்டம் பிடிக்கும். அவர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நடுவில் நிற்பது நம் பிள்ளை! ஆகவே, இவர்களுக்கு வேலைப் பாதுகாப்பு கேட்பது ஏதோ ஒரு தொழிலாளர் கூட்டத்தின் சலுகைக் கோரிக்கை அல்ல. அது பிள்ளையின் பாதுகாப்புக் கோரிக்கை.

ஒப்பந்தம் எங்கே கொண்டுபோய் விடும்?

தமிழக அரசு 2013இல் பள்ளி மாணவர்களுக்காக நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்களை ஏற்படுத்தியது. நல்ல முயற்சிதான். ஆனால் வாகனங்கள் 10, அன்றைய மாவட்டங்கள் 32. மூன்று மாவட்டங்களுக்கு ஓர் உளவியலாளர்! ஒரு பள்ளிக்கு வந்த வண்டி மறுபடி எப்போது வரும் என்று பிள்ளைக்குத் தெரியாது. ஒருநாள் வந்துபோகிறவரிடம் எந்தப் பிள்ளை மனம் திறக்கும்? 500 மாணவர்களுக்கு ஒருவர் என்பது அமெரிக்கப் பள்ளி உளவியலாளர்களின் தேசியச் சங்கம் பரிந்துரைக்கும் அளவு. அதனருகே நம் நிலையை வைத்துப் பாருங்கள்.

சம்பள விஷயத்தில் பகுதிநேர ஆசிரியர்களின் கதையே நமக்குப் பாடம். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலியவற்றுக்கு 16,549 பேர் நியமிக்கப்பட்டார்கள். மாதம் 5,000 ரூபாய், வாரம் மூன்று அரை நாட்கள். அது 2014இல் 7,000, 2017இல் 7,700, 2021இல் 10,000 என்று ஊர்ந்தது. 2023 அக்டோபரில் சென்னையில் கல்வித் துறை வளாகத்தில் போராடிய பிறகுதான் 12,500 என்று அறிவிக்கப்பட்டது. தாற்காலிகம் என்று சொல்லி ஆரம்பித்தது பத்தாண்டைத் தாண்டிய பிறகும் தாற்காலிகமாகவே இருந்தது. பள்ளி உளவியலாளர்களையும் இதே பாதையில் இறக்கிவிட்டால், முதுகலை உளவியல் படித்த நம் பிள்ளைகள் பெங்களூர் கம்பெனிகளுக்குப் போய்விடுவார்கள். பெங்களூர் நமக்கு ஒரு பஸ் தூரம்தானே! பள்ளியில் அறை மட்டும் இருக்கும், பூட்டுப் போட்டு!

சேர்ந்து கேட்டால் கிடைக்கும்

2019 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 30,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய சங்கத்தில் ஆசிரியர்களோடு பள்ளி உளவியலாளர், ஆலோசகர், செவிலியர் எல்லோரும் உறுப்பினர்கள். ஆறு பள்ளி நாட்கள் நீடித்த அந்தப் போராட்டம் சம்பளத்தோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் செவிலியர், 500 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் என்றும் ஒப்பந்தம் எழுதி வாங்கியது. பெற்றோர்களும் தெருவில் வந்து அவர்களோடு நின்றார்கள். அதே மாதத்தில் இங்கேயும் ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தம் நடந்தது. பழைய ஓய்வூதியம் அதன் முதன்மைக் கோரிக்கை. நியாயமானதுதான். ஆனால் சிதறிக்கிடக்கும் ஒப்பந்த ஆலோசகர்களையும் நம் ஆசிரியர் சங்கங்கள் தங்கள் அணைப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேட்க வேண்டியவை நான்கு. ஒன்று, பட்டதாரி ஆசிரியருக்குக் குறையாத ஊதிய விகிதத்தில் நிரந்தரப் பணியிடம். இரண்டு, பேச்சு வெளியே கேட்காத தனி அறை. ஆபீஸ் வேலையும் மாற்று வகுப்பும் தலையில் கட்டாத உத்தரவு. மூன்று, புகாரைத் தெரிவித்ததற்காக வேலையிலிருந்து நீக்க முடியாத பாதுகாப்பு. நான்கு, ஓசூர் போன்ற எல்லைப் பகுதிகளில் உருது, தெலுங்கு, கன்னடம் அறிந்தவர்களுக்கு முன்னுரிமை.

இளைஞர்களே! உங்கள் தெருப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களைப் பாருங்கள். அங்கே உளவியலாளர் உண்டா, எத்தனை நாள் வருகிறார், என்ன சம்பளம் என்று கேளுங்கள். வியாபாரிகளே! நீங்கள் நிர்வாகிகளாக இருக்கும் பள்ளியில் முதலில் ஆரம்பியுங்கள். அரசிடம் நியாயம் கேட்கும் வாய், தன் பள்ளியின் சம்பளப் பட்டியலுக்கு முன்னால் அடைத்துப்போகக் கூடாது.

அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருக்கிறார்கள். இந்த முறை பேசுவேன். நீங்களும் பேசுங்கள்!