ஆயாம்மாவின் பெயர் என்ன?



போன சனிக்கிழமை நம் பள்ளியில் நடந்த என்.எஸ்.எஸ். நலப்பணி நாளைப் பற்றி எல்லோரும் "சூப்பர்" என்றுதான் பேசிக்கொள்கிறோம். மைதானத்து முள்செடி போச்சு, வேப்பங்கன்று வந்தாச்சு, மதியம் தக்காளி சாதமும் கிடைச்சது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மனசை உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காலையில் சாமான்களைப் பிரித்துக்கொண்டோம். மண்வெட்டியும் கடப்பாரையும் பையன்கள் கைக்குப் போனது. துடைப்பம் எங்கள் கைக்கு வந்தது. அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை, தானாகவே நடந்தது! கழிவறைப் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. "அதுக்குத்தான் ஆள் இருக்காங்கள்ல" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மதியம் சமத்துவம் பற்றிய பயிற்சி வகுப்பு. நடத்த வந்தவர் துண்டுச்சீட்டு கொடுத்து ஐந்து கேள்விகள் கேட்டார். நான்கு சுலபம். ஐந்தாவது, "உங்கள் வகுப்பறையைத் தினமும் பெருக்குபவரின் பெயர் என்ன?" எங்கள் வகுப்பில் 46 பேர். சரியாக எழுதியவர்கள் 3 பேர். நான் 'ஆயாம்மா' என்று எழுதினேன். "அது வேலையோட பேரும்மா, அவங்க பேரு என்ன?" என்று கேட்டார். தலைகுனிந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து அவரைப் பார்க்கிறேன்!

1901-ல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக்குப் போன காந்தியடிகள், நாறிக்கிடந்த கழிவறைகளைத் தொண்டர்களிடம் காட்டினார். அது எங்கள் வேலை இல்லை, துப்புரவாளர் வேலை என்றார்கள் தொண்டர்கள். அவர் துடைப்பம் வாங்கித் தானே சுத்தம் செய்தார். அந்தத் தொண்டர்கள் சொன்னதும் நம் பையன் சொன்னதும் ஒன்றுதானே? அதே காந்தியின் நூற்றாண்டையொட்டி, 1969 செப்டம்பர் 24-ல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியதுதான் என்.எஸ்.எஸ். 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது அதன் கருத்து. அந்த 'உனக்காக'வில் ஆயாம்மா இல்லையா?

அமெரிக்காவில் ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் நாள். அதை 1994-ல் சட்டம் போட்டு சேவை நாளாகவும் ஆக்கினார்கள். அன்று கல்லூரி மாணவர்கள் தொண்டும் செய்கிறார்கள், சமத்துவம் பற்றிப் பேசவும் உட்காருகிறார்கள். இரண்டும் ஏன் சேர்ந்திருக்க வேண்டும் என்பதற்கு கிங்கின் அனுபவமே பதில். 1959-ல் அவர் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகள் படித்த பள்ளி அது. தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்த, நம்மைப் போலவே தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினாராம். கிங்குக்கு முதலில் அதிர்ச்சி, கோபமும் வந்ததாம். பிறகு தன் நாட்டில் தன் மக்கள் படும் பாட்டை யோசித்தார். ஆமாம், அவர் சொன்னது உண்மைதான் என்று உணர்ந்தார். இதை 1965-ல் ஓர் உரையில் அவரே சொன்னார். அவ்வளவு பெரிய மனிதரே ஒரு பள்ளிக்கூடத்தில் நின்று தன்னைத் திருப்பிப் பார்த்தார். நாம் பார்க்கக் கூடாதா?

"ஒரு நாளாவது செய்யறோமே, அது போதாதா?" என்று சில தோழிகள் கேட்கிறார்கள். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மீதி நாளெல்லாம் நாம் போடும் மிட்டாய்த் தாளை ஒருவர் குனிந்து பொறுக்கினால், அந்த ஒரு நாள் வெறும் போட்டோவுக்குத்தான்!

மாணவர்களைக் கழிவறை கழுவ விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சில பிள்ளைகளை மட்டும் பொறுக்கி அப்படி ஏவிய கொடுமைகளைச் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். அது பெரிய தப்பு. நான் கேட்பது மூன்றே மூன்று.

1. கழிவறைக்குப் போனால் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவோம்.
2. மாலை மணி அடித்ததும் வரிசைக்கு ஒருநாள் வகுப்பைப் பெருக்குவோம். பையன்களும்தான்!
3. அவரைப் பெயரோடு 'அம்மா' சேர்த்துக் கூப்பிடுவோம்.

அவர் பெயரை நான் இப்போது தெரிந்துகொண்டேன். ஆனால் இங்கே எழுத மாட்டேன். நாளைக் காலை எட்டரை மணிக்கு அவர் படிக்கட்டுப் பக்கம் பெருக்கிக்கொண்டிருப்பார். நீங்களே போய்க் கேளுங்கள்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

– பிளஸ் ஒன் மாணவி