தமிழில் சொல்லாத சிகிச்சைக்குக் கையெழுத்து எதற்கு?

எனக்கு அப்போது பதினாலு வயசு. சித்திக்கு வயித்துல கட்டி. தெமோதரையிலிருந்து பஸ் ஏறி ஒரு அரச ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்னைக் கூட்டிப்போன காரணம் ஒன்றுதான்: ஸ்கூல்ல படிச்ச சிங்களம் எனக்குக் கொஞ்சம் வரும்.

வார்டில் மிஸ் ஒருவர் ஒரு தாளை நீட்டி வேகமாக ஏதோ சொன்னார். எனக்கு விளங்கியது இரண்டே விஷயம்: ஒப்பரேஷன், கையெழுத்து. "கட்டியை எடுக்கப் போறாங்களாம் சித்தி, கையெழுத்து வைக்கணுமாம்" என்றேன். சித்தி வைத்தார். மூன்று மாதம் கழித்து கிளினிக்கில் தமிழ் தெரிந்த ஒரு டொக்டர் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோதுதான் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. சித்திக்கு முப்பத்து மூணு வயசு. ஒரே பிள்ளை.

அந்த ஒப்பரேஷன் தேவையாகவே இருந்திருக்கலாம். அதைப் பற்றிப் பேச நான் டொக்டர் இல்லை. ஆனால் சித்தியிடம் யாருமே கேட்கவில்லை; கேட்கிற வேலையை ஒரு பதினாலு வயசுப் பிள்ளையிடம் விட்டுவிட்டார்கள். சித்தி என்னைத் திட்டவில்லை. "நீ சின்னப்புள்ள, ஒனக்கு என்னா தெரியும்" என்றார். அதுதான் இன்னும் குத்துகிறது.

மலையகத்தில் வளர்ந்த உங்களில் பலருக்கு இந்தக் கதை புதுசா இருக்காது. அம்மாவுக்கோ ஆத்தாவுக்கோ ஆஸ்பத்திரியில் வாயாகப் போனவர்கள் நாம். வளர்ந்த பிறகு லயத்தில் யாருக்கு என்ன நடந்தாலும் "ஆஸ்பத்திரிக்காரங்க இப்படிச் செய்யலாமா? சட்டத்துல எடம் இருக்கா?" என்ற கேள்வியும் நம்மிடம்தான் வருகிறது. அந்தக் கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதிலைச் சொல்லப் பார்க்கிறேன். அதோடு என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன்: மொழி உரிமை நடைமுறைக்கு வராதவரை, நோயாளர் உரிமை என்று நாம் பேசும் மற்றதெல்லாம் தோட்டத்துக்குள் வந்து சேராது.

முதல் கேள்வி, நோயாளிக்கென்று தனிச் சட்டம் இருக்கா? இல்லை. 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் பட்டியலில் சுகாதார உரிமை என்று தனியாக ஒன்று கிடையாது. சுகாதாரத்தை உரிமையாக ஏற்கும் சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980-இலேயே சேர்ந்துவிட்டது. நாட்டுக்குள் அதை நேராகத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போவது லேசில்லை. இந்தியாவிலாவது தேசிய மனித உரிமை ஆணைக்குழு 2018-இல் நோயாளர் உரிமைப் பட்டயம் ஒன்றைத் தயாரித்தது. நமக்கு உள்ளவை பல சட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன.

அதில் கெட்டியானது மொழிதான். சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள். அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்புரைப்படி, நிர்வாகம் சிங்களத்தில் நடக்கும் பகுதியிலும் ஒருவர் அரச உத்தியோகத்தரிடம் தமிழில் பேசி, தமிழில் பதில் பெறலாம். ஆஸ்பத்திரி ஊழியரும் அரச உத்தியோகத்தரே. 2007-ஆம் ஆண்டின் பொது நிர்வாகச் சுற்றறிக்கை ஒன்று, அந்த வருடம் ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்பவர்கள் இரண்டாவது அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்றது. சான்றிதழ் ஃபைலில் இருக்கும்; வார்டில் கூப்பிட்டால் வராது. முறைப்பாட்டுக்கு 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது.

இரண்டாவது, கையெழுத்து வைத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. நம் குடியியல் சட்டத்தின் அடி ரோமன்-டச்சுச் சட்டம். அதில் சம்மதமில்லாமல் உடலில் கைவைப்பது தீங்கு. உயிர் போகிற அவசரம் என்றால் விதிவிலக்கு உண்டு. சம்மதம் என்றால் என்ன செய்யப்போகிறார்கள், வேறு வழி உண்டா, பிறகு என்ன ஆகும் என்று தெரிந்து கொடுப்பது. விளங்காத மொழியில் இருக்கும் தாளில் வைத்த கையெழுத்து, பேனா ஓடியதற்குத்தான் சாட்சி. தோட்டத்துப் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். குடும்பக் கட்டுப்பாட்டு ஒப்பரேஷனுக்குப் பெண்களைச் சேர்த்த விதம் பற்றிப் பல காலமாக நம்மிடையே கசப்பு உண்டு. அந்தக் கசப்பின் நடுவில் இருப்பதும் இதே கேள்விதான்: அவளுக்கு விளங்குகிற மாதிரி யார் சொன்னது?

மூன்றாவது, ஆஸ்பத்திரிப் பதிவுகளைக் கேட்டு வாங்க முடியுமா? முடியும். 2016-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச ஆஸ்பத்திரிகளுக்கும் பொருந்தும். மருத்துவப் பதிவுகளைக் கொடுக்கத் தேவையில்லை என்று அதில் ஒரு விலக்கு உண்டு. சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தால் அந்த விலக்கு நிற்காது. ஆகவே சித்தியின் பதிவைச் சித்தியே கேட்டால், "அது ரகசியம்" என்று திருப்பி அனுப்பக் காரணமில்லை. உயிரோடும் தனிப்பட்ட சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட கோரிக்கைக்கு 48 மணித்தியாலத்துக்குள் பதில் தரவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: இந்த உரிமை பிரஜைகளுக்கானது. 1948-இல் பிரஜாவுரிமை இல்லாமலாக்கப்பட்ட ஆட்களின் பேரப்பிள்ளைகள் நாம். மிச்சமிருந்தவர்களுக்கும் சேர்த்து ஒரு சட்டம் வந்தது 2003-இல். இவ்வளவு காத்திருந்து கிடைத்ததை ஒரு விண்ணப்பம் எழுதக்கூட பாவிக்காமல் விடலாமா?

நான்காவது, வழக்குப் போடலாமா? போடலாம். ஆனால் காலம் ஓடிக்கொண்டிருக்கும். அடிப்படை உரிமையோ மொழி உரிமையோ மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரே மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அடிப்படை உரிமை முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. கவனயீனத்துக்கு நட்டஈடு கேட்க இரண்டு வருடம். சித்திக்கு விஷயம் தெரியவே மூன்று மாதம் போனது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நீதிமன்றம் போனாலும் வழி கரடுமுரடுதான். பேராசிரியர் பிரியானி சொய்சா எதிர் ரியென்சி அர்சகுலரத்ன என்ற வழக்கு இந்த நாட்டில் மருத்துவக் கவனயீனம் பற்றிப் பேசும்போது முதலில் வருவது. மகளை இழந்த தகப்பன் போட்ட வழக்கு. மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் ரூபா நட்டஈடு தீர்த்தது. கடைசியில் உயர் நீதிமன்றம், கவனயீனத்தால்தான் மரணம் நேர்ந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று அதைத் தள்ளிவிட்டது. அந்தத் தகப்பன் சட்டம் படித்தவர். அவருக்கே அப்படியென்றால், ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்குப் பேர் விழாதே என்று கவலைப்படும் ஒரு கொழுந்துக்காரம்மாவுக்கு? அதனால்தான் சொல்கிறேன், நம் ஆட்களுக்கு உரிமை வேண்டியது கட்டிலுக்குப் பக்கத்தில், கையெழுத்துக்கு முன்னால்.

தோட்டத்து டிஸ்பென்சரி பற்றியும் கேட்பார்கள். 1912-ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டப்படி, தோட்டத்தில் யாருக்குச் சுகமில்லை என்று அறிந்து வைப்பதும், பார்க்க வழி செய்வதும், வைத்திய அதிகாரி சொன்னால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் தொரையின் கடமை. பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு ஒரு மாதம் சாப்பாடும் இருப்பிடமும் தரவேண்டும் என்றும் அதில் இருந்தது. நம்ம மேல பாசத்தில் எழுதிய சட்டமில்லை. ஆள் விழுந்தால் கொழுந்து நின்றுவிடும் என்ற கணக்கு. ஆனாலும், நோயாளியைக் கொண்டுபோக லொறி கேட்பது பிச்சை கேட்பதில்லை என்று சொல்ல அது போதும். இப்போது 1990-க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸும் வரும். லயம் வரைக்கும் ரோடு இருந்தால்.

"ஆஸ்பத்திரியில ஆளே பத்தல, இதுல மொழிபெயர்ப்பாளருக்கு எங்க போறது?" என்பார்கள். நியாயமான கேள்வி. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மார் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். இருக்கிற மிஸ்மாருக்கு மூச்சுவிட நேரமில்லை. அவர்களை நான் எதிரியாக நினைக்கவில்லை. ஆனால் பதுளை மாவட்டத் தோட்டங்களில் ஏ.எல் முடித்து, இரண்டு மொழியும் பேசிக்கொண்டு, கொழும்பில் கடைகளில் நிற்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களைப் பயிற்றி, சம்பளம் கொடுத்து, வார்டுக்கு ஒருவராகப் போடுவது ஒரு ஸ்கேன் மெஷின் வாங்குவதைவிடப் பெரிய காரியமா? தமிழர் ஓட்டுக் கேட்டு லயத்துக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்.

அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வளர்ந்த ஒருவர் கூடப் போவோம். விளங்காவிட்டால் "விளங்கல்ல, தமிழ்ல சொல்ல ஒருத்தர கூப்பிடுங்க" என்று சொல்வோம். சொன்னதையும் சொன்னவரையும் திகதியையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைப்போம். பதினாலு வயசுப் பிள்ளையிடம் அந்தத் தாளைக் கொடுக்காமல் இருப்போம்.

சித்தி இப்போதும் மலைக்குப் போகிறார். போன மாதம் சுகர் கிளினிக்குக்கு நான்தான் கூடப் போனேன். மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு சித்தி நகரவில்லை. "இதுல என்னா எழுதியிருக்குன்னு மொதல்ல கேளு" என்றார்.