சைலன்சருக்குள் தேடும் சக்தி

காரவள்ளியில் அடிவாரத்தைக் கடந்து, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒவ்வொன்றாக ஏறிக் கொல்லிமலையின் உச்சிச் சமவெளியை அடைந்து, எங்கள் திருப்புலி நாட்டுப் பக்கம் வண்டியைத் திருப்புகிற மோட்டார்காரர்களில் பெரும்பாலோர், இறங்கிச் சோம்பல் முறித்ததும் இரண்டு விஷயங்களைத்தான் பேசுகிறார்கள். முதலாவது, மலைக்காற்றின் சுகம். இரண்டாவது, ஏறி வரும்போது வண்டிக்குப் 'பிக்கப்' போதவில்லை என்ற குறை. சுகத்திற்கும் குறைக்கும் காரணம் ஒன்றே, அதாவது இந்த மலையின் உயரமே, என்பதை மட்டும் அவர்கள் ஏனோ எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்தக் குறையைப் போக்குவதற்கென்று நகரங்களில் ஒரு பரிகாரம் இப்போது பிரபலமாகி வருகிறது. கம்பெனி பொருத்திக் கொடுத்த கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, வெளிச்சந்தையில் கிடைக்கும் 'ஹை-ஃப்ளோ' கன்வெர்ட்டர் ஒன்றை அந்த இடத்தில் பொருத்திக்கொள்வதே அது. அண்மையில் கோயம்புத்தூரிலிருந்து தன் டர்போ பெட்ரோல் காரில் வந்திருந்த என் தமக்கை மகனும் இதையே சொன்னான். "கம்பெனில போட்ட கேட்கான் வண்டிய மூச்சு முட்ட வைக்குதுங்க மாமா. அத எடுத்துட்டு ஹை-ஃப்ளோ போட்டுட்டா இந்த எழுபது வளைவும் ஒண்ணுமேயில்லைங்க" என்றான். படித்த பிள்ளை, யந்திரங்களிடம் மெய்யான பிரியம் உடையவன், அவனை வெறுமனே கடிந்து அனுப்புவது நியாயமாகாது. அவனுக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து எழுதினால் இந்தப் பத்தியை வாசிக்கும் பிற மருமக்களுக்கும் பிரயோஜனப்படலாம் என்று தோன்றுகிறது.

பெட்ரோல் எஞ்சினுக்குள் எரிபொருள் பூரணமாக எரிந்துவிடுமானால், கரியமில வாயுவும் நீராவியும் தவிர வேறொன்றும் பெரிதாக வெளிவர வேண்டியதில்லை. நடைமுறையில் அவ்வாறு எரிவதில்லை. ஆகையால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவும், எரியாமல் தப்பிய ஹைட்ரோகார்பன்களும், மிகுந்த உஷ்ணத்தில் காற்றிலிருந்தே பிறக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் புகைக்குழாய் வழியே வெளியேறுகின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைப் புகைமூட்டம் கவிந்து வருத்திய காலத்தில், பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவரும், கிரியா ஊக்கியின் துணையால் கச்சா எண்ணெயைப் பிளந்து பெட்ரோல் எடுக்கும் முறையினால் ஏற்கெனவே கீர்த்தி பெற்றவருமான யூஜீன் ஹூட்ரி, இந்த வாயுக்களை வண்டிக்குள்ளேயே மாற்றிவிடும் இந்தக் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு 1950-களில் காப்புரிமை பெற்றார். ஆயினும் அக்காலத்துப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் பட்டதும் கிரியா ஊக்கி செயலற்றுப் போயிற்று. ஈயமில்லாப் பெட்ரோல் வந்த பின்னரே, 1975-ஆம் வருஷத்து மாடல்களிலிருந்து, அமெரிக்கக் கார்களில் அது பரவலாக இடம்பெற்றது. நம் தேசத்தில் 1995 ஏப்ரலில் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது; 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோலே நாடெங்கும் நிறுத்தப்பட்டது. இன்று அந்தக் கிரியா ஊக்கிகளைத் தயாரிக்கும் ஆலை ஒன்று சென்னைக்கு அருகில் மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலேயே இயங்குகிறது.

சாதனத்தின் அமைப்பு எளிது. எஃகுக் கூட்டினுள்ளே, எங்கள் மலைத் தேனடையைக் குறுக்கே அறுத்து வைத்தாற்போல, பீங்கானாலான ஒரு திரள் இருக்கிறது. சதுர அங்குலம் ஒன்றுக்கு நானூறோ அறுநூறோ நுண்துளைகள் அதில் உண்டு. அத்துளைகளின் சுவர்களில் அலுமினாவைப் பூசி, அந்தப் பூச்சில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உயர்ந்த உலோகங்களை அணு அணுவாகப் பரப்பியிருக்கிறார்கள். ஒரு வண்டிக்குச் சில கிராம்தான் தேவை; எனினும் அந்தச் சில கிராமுக்காகவே மும்பை, குஜராத் முதலிய இடங்களில் நிறுத்தி வைத்த வண்டிகளின் சைலன்சரை அறுத்துக்கொண்டு போகிற திருட்டு ஒரு தொழிலாகவே நடந்திருக்கிறது. பிளாட்டினமும் பல்லேடியமும் விஷவாயுவையும் எரியாத எரிபொருளையும் பிராணவாயுவோடு சேர்க்கின்றன. ரோடியம் நைட்ரஜன் ஆக்ஸைடுகளிலிருந்து பிராணவாயுவைப் பிரிக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதம் பிசகாமல் இருந்தால், நன்கு சூடேறிய ஒரு கன்வெர்ட்டர் இம்மூன்று மாசுகளிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் மாற்றிவிடும். அந்த விகிதம் பிசகாதபடி காவல் புரியவே கன்வெர்ட்டருக்கு முன்னே ஓர் ஆக்ஸிஜன் சென்சரும், அதன் வேலையைச் சோதிக்கப் பின்னே இன்னொன்றும் அமைந்திருக்கின்றன.

ஹை-ஃப்ளோ என்பது இந்தத் துளைகளைப் பெரிதாக்கிய சாதனமேயன்றி வேறல்ல. நானூறுக்குப் பதில் இருநூறு அல்லது நூறு துளைகள். பெரும்பாலும் பீங்கானுக்குப் பதில் மெல்லிய உலோகத் தகடு. துளை பெரிதானால் புகைக்குத் தடை குறையும் என்பது உண்மை. தடை குறைந்தால் எஞ்சின், தான் வெளியேற்ற வேண்டிய புகையைத் தள்ளுவதற்குச் செலவிடும் சக்தி மிச்சமாகும் என்பதும் உண்மை. டர்போ வண்டியில் டர்பைனுக்குப் பின்னே அழுத்தம் குறைவதால் அது விரைந்து சுழலத் தொடங்கும் என்பதும், எஞ்சினை ஆளும் கணினியான ஈ.சி.யு.வின் கணக்கையும் கூடவே திருத்தினால் லாபம் இன்னும் தெரியும் என்பதும் மறுக்கத்தக்கனவல்ல. செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தயக் களத்திலோ ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்து, எஞ்சினை அதன் உச்சச் சுழற்சியிலேயே நிறுத்தி ஓட்டுகிற ஒருவருக்கு இந்தச் சிறு லாபமும் பெரிதுதான். பந்தயத்திற்கென்றே ஒதுக்கிய வண்டியில் அதைப் பொருத்துகிறவரோடு எனக்கு விவகாரம் இல்லை.

ஆனால் கொல்லிமலைச் சாலை பந்தயக் களமல்ல. புகைக்குழாயின் தடை, அதன் வழியே பாயும் வாயுவின் அளவு ஏற ஏறத்தான் உணரத்தக்கதாகிறது. இங்கோ வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, எதிரே வாழைத்தாரும் அன்னாசியும் ஏற்றி இறங்கும் லோடு வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டு, முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் மாறி மாறி நிதானமாக ஏறுகிறோம். எஞ்சின் தன் உச்சச் சுழற்சியை எட்டிப் பார்ப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. ஹை-ஃப்ளோவின் பலன் எந்தச் சுழற்சியில் வெளிப்படுமோ அந்தச் சுழற்சிக்கு இந்த எழுபது வளைவுகளில் இடமே இல்லை.

அப்படியானால் வண்டி ஏன் இளைக்கிறது? ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த இந்தச் சமவெளியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு முறையும் உள்ளே இழுக்கும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைகிறது. எரிக்கத்தக்க பெட்ரோலும் குறைகிறது. கடல்மட்டத்தில் நூறு குதிரைச் சக்தி தந்த எஞ்சின் இங்கே தொண்ணூறை ஒட்டியே தருகிறது. குறை, காற்று உள்ளே வரும் வாசலில் இருக்கிறது. பரிகாரமோ புகை வெளியே போகும் வாசலில் செய்யப்படுகிறது. டர்போ உள்ள வண்டி காற்றை அழுத்தி ஊட்டுவதால் இந்த நஷ்டத்தில் பெரும்பகுதியைத் தானே ஈடுசெய்துகொள்கிறது. ஆக, டர்போ இல்லாதவருக்கு இந்த மருந்தால் நோய் தீராது. டர்போ உள்ள என் மருமகனுக்கோ நோயே அவ்வளவாக இல்லை.

பிரயோஜனம் இல்லையென்பதோடு விஷயம் முடிந்தால் அது அவரவர் பணம், அவரவர் விருப்பம் என்று விட்டுவிடலாம். ஆனால் அதோடு முடிவதில்லை. கிரியா ஊக்கி ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். அதுவரை வெளிவருவது மாற்றப்படாத விஷமே. இதனால்தான் அண்மைக்காலத்து வண்டிகளில் கம்பெனிக்காரர்கள் அதை எஞ்சினை ஒட்டியே வைத்துச் சீக்கிரம் சூடேறச் செய்கிறார்கள். வெளியில் வாங்கியதைச் சற்றுத் தள்ளி, அடிப்பக்கக் குழாயில் பொருத்தினால் அது சூடேறத் தாமதமாகும். துளைகள் பெரிதாகையால் புகை சுவரைத் தொடும் பரப்பும் குறைவு. மலிவான சரக்கில் உயர்ந்த உலோகங்களின் அளவும் குறைவு. பனி இறங்கிய காலையில், விருந்தினர் தங்கும் விடுதியின் முற்றத்தில் வண்டியை உறுமவிட்டு வைத்திருக்கும் அந்தச் சில நிமிஷங்களில் இந்தக் குறைகளெல்லாம் ஒன்றுகூடுகின்றன. பக்கத்து வீட்டு வாசலில் மிளகு உலர்த்த வரும் மூதாட்டி அதைச் சுவாசிக்கிறாள்.

இதற்கு ஒரு பதில் உடனே வரும்: கரும்புகை கக்கி ஏறும் பழைய லாரியை விட்டுவிட்டு என் காரைக் குற்றம் சொல்லலாமா என்பது. லாரியின் புகையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் லாரியின் புகை கண்ணுக்குத் தெரிகிறது. அதைக் கண்டு ஒதுங்கலாம், புகார் செய்யலாம். பெட்ரோல் வண்டியின் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. தொண்ணூறு பங்கை மாற்றிக்கொண்டிருந்த சாதனத்தை எடுத்துவிட்டால் ஒரு வண்டி பத்து வண்டிகளின் மாசை வெளியிடுகிறது என்ற கணக்கு, பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் அந்தக் குழாயைப் பார்க்கிறவர் எவருக்கும் தோன்றாது.

சட்டத்தின் நிலையும் சந்தேகத்திற்கு இடமில்லாதது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் நிர்ணயித்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அவ்வருஷத்துத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. காற்று மாசு விதிகளை மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பும் வரலாம். "புகை பரிசோதனையில பாஸ் ஆயிடுதே" என்று சிலர் சொல்வதுண்டு. நன்கு சூடேறிய வண்டியை நிறுத்தி வைத்துச் செய்யும் அந்தச் சோதனை, பெட்ரோல் வண்டியில் நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அளப்பதே இல்லை. அதில் தேறியதனால் சாதனம் நல்லதென்று ஆகிவிடாது. வண்டியினுள்ளே இருக்கும் கணினி இன்னும் கண்டிப்பான பரிசோதகர். பின் சென்சர் தரும் செய்தி முன் சென்சரை ஒத்திருந்தால், கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லையென்று 'செக் எஞ்சின்' விளக்கை அது ஏற்றிவிடும். அந்த விளக்கை அணைப்பதற்காகச் சென்சரைச் சற்று விலக்கி வைக்கும் சிறு குழாய்த் துண்டையும் கூடவே விற்கிறார்கள். சாட்சியின் வாயை அடைத்துவிட்டு வழக்கில் ஜெயிக்கும் தந்திரம் அது.

வெளிச்சந்தைக் கன்வெர்ட்டர் எல்லாமே தீது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில், மூல சாதனம் பழுதுபட்டதென்று நிச்சயமானால், விதிக்குட்பட்ட மாற்றுச் சாதனத்தைப் பொருத்த 1986 முதலே வழியுண்டு. கலிபோர்னியாவிலோ, அரசாங்கம் சோதித்து வழங்கிய அனுமதி எண் அதன் கூட்டின்மேலேயே பொறித்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் மாற்றுக் கன்வெர்ட்டர்களுக்கென்றே ஐக்கிய நாடுகளின் 103-ஆம் ஒழுங்குவிதி இருக்கிறது. பழுதானதை மாற்றுவது ஒன்று. பழுதில்லாததைக் கழற்றுவது வேறொன்று. அங்கெல்லாம் இந்த வித்தியாசத்தைச் சட்டம் காக்கிறது. இங்கே பெரும்பாலும் வண்டிக்காரரின் மனச்சாட்சிதான் காக்க வேண்டும்.

என் மருமகன் கடைசியாக, "அப்ப நான் என்னதாங்க மாமா பண்றது?" என்று கேட்டான். ஏர் பில்டரை மாற்று; ஸ்பார்க் பிளக்குகளைப் பார். ஒரு பிளக் தப்பி எரிந்தாலும் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் புகுந்து அங்கே எரிந்து பீங்கானையே உருக்கிவிடும். வண்டிக்கு நிஜமாகவே மூச்சு முட்டுவது அப்போதுதான். எஞ்சினில் எண்ணெய் எரிகிறதா என்று கவனி. டயர்களில் காற்றைச் சரிபார். பின்பெட்டியில் சுமக்கும் வேண்டாத சுமைகளை வீட்டில் இறக்கி வை. ஏற்றத்தில் வண்டி திணறுவதற்கு முன்பே கியரைக் குறை. கோடையில் ஏறி வந்ததும் காய்ந்த புல்லின்மேல் வண்டியை நிறுத்தாதே. ஏற்றத்தில் சூடேறிய கன்வெர்ட்டர் அடியில் கிடக்கும் சருகைப் பற்றவைக்கும், இந்த மலையில் ஒரு சருகு பற்றினால் காடே பற்றும். இவ்வளவையும் செய்தால் செலவு ஹை-ஃப்ளோவின் விலையில் ஒரு சிறு பகுதிகூட ஆகாது; ஏற்றத்தில் உணரத்தக்க பலனோ இவற்றால்தான் உண்டு.

வேகத்தில் ஆசையுள்ள இளைஞர்களுக்குப் பந்தயக் களங்கள் இருக்கின்றன; அங்கே எந்தச் சாதனத்தை வேண்டுமானாலும் அந்தக் களத்தின் விதிப்படி சோதித்துக்கொள்ளட்டும். அறப்பளீசுவரரைத் தரிசிக்கவும், ஆகாய கங்கையில் நீராடவும், ஆடி மாதத்து வல்வில் ஓரி விழாவைக் காணவும் வருகிற அன்பர்கள் மட்டும், கம்பெனி பொருத்திக் கொடுத்த கன்வெர்ட்டரைக் கழற்றாமல் வாருங்கள். அது பழுதானால் அதே தரத்தில், உங்கள் மாடலுக்கென்று அங்கீகரிக்கப்பட்டதையே வாங்கிப் பொருத்துங்கள். இந்த மலையின் உயரம் பறித்துக்கொள்ளும் சக்தியைச் சைலன்சருக்குள் தேடி ஒருவரும் மீட்டதில்லை.