முதியோர் கல்வியில் கைத்தொழில் எங்கே?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி

கல்வி கண் போன்றது என்று சிறு வயது முதலே நாம் கட்டுரை எழுதி வருகிறோம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கண் திறந்த பின் நடந்து செல்ல ஒரு பாதையும் வேண்டுமல்லவா? இந்தக் கேள்வியை என் மனத்தில் எழுப்பியவர் என் சித்தி.

சித்திக்கு வயது 38. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் உப்பு விளைச்சலில் முதலிடம் பெற்ற எங்கள் தூத்துக்குடியில், எத்தனையோ பெண்களைப் போல அவரும் உப்பளத்தில் வேலை செய்கிறார். விடியுமுன் சோறு பொங்கி, தூக்குவாளியுடன் புறப்பட்டுவிடுவார். சென்ற ஆண்டு எங்கள் தெருவில் மாலை நேர எழுத்தறிவு வகுப்பு ஒன்று நடந்தது. எவ்வளவு களைப்பாக இருந்தாலும் சித்தி ஒரு நாள்கூடத் தவறியதில்லை. வீட்டில் என் அருகில் அமர்ந்து, என் பழைய நோட்டின் மிச்சப் பக்கங்களில் எழுதிப் பழகுவார். வகுப்பு முடிந்த வாரம் வங்கிக்குச் சென்று, கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அன்று எங்கள் வீட்டில் கேசரி கிண்டினோம்.

அன்றிரவு சித்தி என்னிடம் கேட்டார்: "எம்மா, பேரு எழுதப் படிச்சாச்சு. விடிஞ்சா அதே அளத்துக்குத்தானே போகணும்? ஒரு தொழில் சொல்லித் தர மாட்டாவளா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சித்தி கற்க விரும்பியது மோட்டாருக்குக் காயில் கட்டும் தொழில். உப்பளத்தில் உவர்நீர் இறைக்கும் மோட்டார் அடிக்கடி பழுதாகும். டவுனிலிருந்து மெக்கானிக் வருவார். சித்தி நாள் முழுவதும் வெயிலில் உப்பு வாரிப் பெறும் கூலியைவிட அதிகமாக ஒரு மணி நேரத்தில் வாங்கிச் செல்வார். அவர் கழற்றுவதையும் மாட்டுவதையும் சித்தி பல முறை கவனித்திருக்கிறார். "கவனமும் விரலும்தான் வேணும், எனக்கு ரெண்டும் இருக்கு" என்பார்.

அவருக்காக நானும் விசாரித்தேன். தொழிற்பயிற்சி நிலையங்களில் பெரும்பாலான பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். சிலவற்றுக்கு எட்டாம் வகுப்பாவது வேண்டும். பயிற்சியும் பகல் முழுவதும் ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு என்று நடக்கும். அதுவரை அடுப்பு எரிவது எப்படி? பட்டறை ஒன்றில் கேட்டபோது, "பொம்பளைக்கு இங்க என்ன வேலை?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். எழுத்தறிவு வகுப்பில் எழுத்து இருக்கிறது, தொழில் இல்லை. தொழில் இருக்கும் இடத்திலோ, சித்திக்கு இடமில்லை.

நம் நாட்டுப் பெரியவர்கள் இதை எண்ணிப் பார்க்காமல் இல்லை. 1978 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய தேசிய முதியோர் கல்வித் திட்டம் எழுத்தறிவு, செயல்திறன், விழிப்புணர்வு என்னும் மூன்றையும் தன் நோக்கங்களாகக் கொண்டிருந்தது. 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்திலும் ஐந்து பகுதிகளுள் ஒன்று தொழில் திறன். குறைந்த படிப்புள்ளவர்களுக்கும் படிப்பே இல்லாதவர்களுக்கும் தொழில் கற்பிக்க மக்கள் கல்வி நிறுவனங்களும் உள்ளன. 1967இல் பம்பாயில் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஷ்ரமிக் வித்யாபீடமே அவற்றின் முன்னோடி. ஆனால் 700க்கும் மேற்பட்ட மாவட்டங்கள் உள்ள நாட்டில் அவை ஏறத்தாழ 300 மட்டுமே. தாளில் உள்ள தொழில் தெருவுக்கு வந்து சேரவில்லை என்பதே என் வருத்தம்.

"முதலில் எழுத்தை நன்றாகக் கற்கட்டும், தொழிலைப் பிறகு பார்க்கலாம்" என்று சிலர் கூறுவர். எனக்கு அது சரியாகத் தோன்றவில்லை. வகுப்பு முடிந்து ஆறே மாதத்தில் சித்தி பல எழுத்துகளை மறந்துவிட்டார். குற்றம் அவருடையதன்று. உப்புப் பாத்தியில் எழுத்துக்கு என்ன வேலை? காயில் கட்டுபவராக இருந்தால் எத்தனை சுற்று, எத்தனை கேஜ் கம்பி என்று நாள்தோறும் குறித்து வைப்பார். தையற்காரராக இருந்தால் அளவு எழுதுவார். தொழில் இருந்தால் எழுத்து தானே தங்கும்.

இதற்குச் சான்றுகளும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பெண்கள் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். கல் குவாரியில் வேலை செய்த பெண்களும் அவர்களுள் இருந்தார்கள். சைக்கிள் அவர்களை வேலைக்கும் சந்தைக்கும் வகுப்புக்கும் சுமந்து சென்றது. ராஜஸ்தானில் திலோனியா என்னும் கிராமத்தில் 1972இல் தொடங்கப்பட்ட நிறுவனம் ஒன்று, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாருக்கும் சூரிய விளக்கு அமைக்கவும் பழுது பார்க்கவும் கற்றுத் தந்தது. நிறங்களையும் சைகைகளையும் கொண்டே பாடம் நடந்தது. பாட்டிமாரால் சூரிய விளக்கைச் சரிசெய்ய முடியுமானால், என் சித்தியால் காயில் கட்ட முடியாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண்களுக்குத் தொழில் என்றவுடன் தையலும் ஊறுகாயும்தான் பலருக்கு நினைவு வருகின்றன. தையல் நல்ல தொழில்தான். ஆனால் ஒரு தெருவில் எத்தனை தையற்காரர் பிழைக்க முடியும்? அதே தெருவில் மின்விசிறி ஓடாத வீடும், குழாய் ஒழுகும் வீடும், மிக்சி கெட்ட வீடும் எத்தனை! பகலில் பெண்கள் மட்டுமே இருக்கும் வீடுகளுக்கு ஒரு பெண் வந்து பழுது பார்த்தால் எவ்வளவு நிம்மதி!

இதற்குப் பணம் எங்கே, கட்டடம் எங்கே, ஆசிரியர் எங்கே என்று கேட்பீர்கள். இங்கேதான் அன்பிற்குரிய அருட்சகோதரிகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு சிறு விண்ணப்பம் வைக்கத் துணிகிறேன்.

மாலை மணி அடித்த பிறகு நம் தையல் வகுப்பறையில் இயந்திரங்கள் உறை போர்த்தி உறங்குகின்றன. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நீண்ட மேசைகளும் மின் இணைப்பும் மீட்டர்களும் உள்ளன. அவற்றை மாலையில் இரண்டு மணி நேரம் நம் ஊர்த் தாய்மாருக்குத் திறந்துவிடக் கூடாதா? நம் மாணவியரின் தந்தையருள் எலக்ட்ரீஷியன்களும் மெக்கானிக்குகளும் பிளம்பர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாரம் ஒரு நாள் வந்தால் போதும். எழுத்தும் கணக்கும் சொல்லித் தர மாணவியர் நாங்கள் முறை வைத்து வருகிறோம்.

காலமும் கனிந்தே இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையினால் உப்பளங்களில் வேலை இராது. அந்த நாட்களுக்காக 2022இல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5000 ரூபாய் நிவாரணம் வழங்கத் தொடங்கியது. நன்றிக்குரிய உதவி அது. அதே மூன்று மாதத்தில் ஒரு தொழிலையும் கற்றுக்கொண்டால், அடுத்த மழைக்கு அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

மூன்று மாதத்தில் ஒருவர் முழு மெக்கானிக் ஆகிவிடமாட்டார் என்பதை நான் அறிவேன். ஆனால் ஒரு மின்விசிறியைக் கழற்றிப் பூட்டவும், சுவிட்ச் போர்டு மாற்றவும் கற்றவர், "பொம்பளைக்கு என்ன வேலை?" என்று கேட்ட பட்டறைக்குத் தலைநிமிர்ந்து மீண்டும் செல்லலாம்.

தோழியரே! இன்னும் சில வாரங்களில் நாம் பொதுத் தேர்வு எழுதப்போகிறோம். அந்தச் சான்றிதழ் நமக்குப் பல கதவுகளைத் திறக்கும். அந்தச் சான்றிதழ் இல்லாததால் நம் தாய்மார், சித்திமார் எத்தனை கதவுகளுக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இக்கட்டுரையைச் சித்திக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எழுதினது சரிதான். எப்ப தொறப்பாவன்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

நானும் அதையே கேட்கிறேன்.