பல் போனால் எலும்பும் போகும்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எலும்பும் போகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மெல்லும்போது பல் தரும் அழுத்தத்தால்தான் அதைத் தாங்கும் தாடை எலும்பு தன் உருவைக் காக்கிறது. பல்லைப் பிடுங்கிய ஓராண்டில் அவ்விடத்து எலும்பு ஏறக்குறையப் பாதி அகலத்தை இழக்கக்கூடும். பின்னர் செயற்கைப் பல்லுக்கான டைட்டானியத் திருகைப் பதிக்க எலும்பு போதாமல் போகலாம்.

குறைந்த எலும்பை மீண்டும் வளர்க்க முடியும். தானமாகப் பெற்ற மனித எலும்பு, பதப்படுத்திய மாட்டெலும்பு, செயற்கை ஹைட்ராக்சிஅபடைட் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. கிளந்தானில், குபாங் கிரியானிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் திசு வங்கி இத்தகைய எலும்புத் துகள்களைத் தயாரிக்கிறது. நம் நாட்டுச் சுண்ணாம்புக் கல்லிலிருந்தும் 'கிரானுமாஸ்' என்ற செயற்கை எலும்புத் துகள் உருவாக்கப்பட்டுள்ளது.

ஆனால், விலையுயர்ந்த பொருளை வைத்தால் எலும்பு வளர்ந்துவிடும் என்று நம்புவது தவறு. பொருள் வெறும் சாரம். வீட்டைக் கட்டுபவை நம் உடலின் உயிரணுக்களே. அவை வேலை செய்ய நான்கு நிபந்தனைகள் வேண்டும் என வாங், போயபதி என்ற ஆய்வாளர்கள் 2006இல் தொகுத்தனர்.

ஒன்று, ஈறு இழுபடாமல் காயம் முழுமையாக மூடியிருக்க வேண்டும். இரண்டு, புதிய இரத்தக் குழாய்கள் உருவாக வேண்டும். மூன்று, எலும்பு வளர இடம் காக்கப்பட வேண்டும். ஈற்றுத் திசு எலும்பைவிட வேகமாக வளரும். செம்பனைக் கன்றை லாலாங் புல் மூடுவதுபோல் அது அவ்விடத்தைப் பிடித்துவிடும். அதைத் தடுக்கவே மருத்துவர் மெல்லிய சவ்வை வைக்கிறார். நான்கு, உறைந்த இரத்தக் கட்டி அசையக்கூடாது.

இவற்றில் இரண்டாவது நிபந்தனை பெரிதும் நம் கையில் இருக்கிறது. நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. நிக்கோட்டின் கலந்த வேப்பும் அப்படித்தான். இரத்தம் வராத இடத்தில் உயிர்வளி இல்லை. எலும்பை ஆக்கும் உயிரணுவும் பிழைக்காது. திறமையான மருத்துவர் செய்த சிகிச்சைகூட இதனால் தோற்கலாம்.

மாணவர்களே, ஈற்றில் இரத்தம் கசிந்தால் வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். பல்லைக் காப்பாற்ற வழியுண்டா என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். பிடுங்கியே ஆகவேண்டுமென்றால், எலும்பைக் காப்பது பற்றி அன்றே கேளுங்கள். நிரப்பும் பொருள் எதிலிருந்து வந்தது என்பதைக் கேட்கவும் நமக்கு உரிமையுண்டு. பாடநூலில் 32 பற்களை எண்ணக் கற்கிறோம். அவற்றைத் தாங்கும் எலும்பும் உயிருள்ளது என்பதையும் சேர்த்துக் கற்க வேண்டும்.