வீட்டுத்தோட்டம்: சுருண்ட இலையைத் திருப்பிப் பாருங்கள்



வீட்டு முற்றத்திலோ விறாந்தையிலோ நாலு செடி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இலை சுருளுது, என்ன மருந்து அடிக்கிறது?" என்பதுதான் அது. இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லி நானே ஒருமுறை பிழை விட்டிருக்கிறேன். அதை இம்மாதம் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். 2022 இல் சாமான்களின் விலையெல்லாம் ஏறிய நேரம், பழைய உரப்பைகளிலும் உடைந்த வாளிகளிலும் மண் நிரப்பிக் கொச்சிக்காய் நட்டாள். முதலில் வீட்டுக் கறிக்குத்தான். பிறகு அது 24 பைகளாகப் பெருகியது. வாரத்தில் இரண்டு நாள் பக்கத்துக் கடைக்குக் காய் கொடுப்பாள். அந்தக் காசில்தான் மூத்த மகனின் ரியூசன் செலவு நடக்கிறது.

ஒரு சித்திரை மாதம், நல்ல வெயில். வேலிக்கு அப்பால் நின்று, "அக்கா, கொச்சிக்காய்க் கண்டெல்லாம் சுருளுது" என்றாள். நான் அடுப்படியில் வேலையாக இருந்தேன். "வெயில்தானே பிள்ளை, தண்ணி காணாது. ரெண்டு நேரமும் ஊத்து" என்றேன். செடியை எட்டிப் பார்க்கவும் இல்லை.

பத்து நாள் கழித்துக் கண் கலங்க வந்தாள். தண்ணீர் ஊற்றியும் சுகமில்லை. யாரோ கொடுத்த பூச்சிநாசினியை இரண்டு முறை அடித்திருக்கிறாள். அதன் பிறகு சுருள் இன்னும் கூடிவிட்டதாம். அன்றுதான் நான் அவளுடைய முற்றத்துக்குப் போனேன்.

முதலில் என் கண்ணில் பட்டது செடியல்ல. குசினித் திண்ணையில் ஒரு சோடாப் போத்தல். அதற்குள்தான் அந்த மருந்து! லேபிள் இல்லை. என்ன மருந்து, எவ்வளவு கலக்க வேண்டும், அடித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம், ஒன்றும் அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் அவளுடைய சின்ன மகன் விளையாடிக் கொண்டிருந்தான். தாகத்தில் குழந்தை அதை எடுத்துக் குடித்திருந்தால்? எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. உடனே போத்தலை எடுப்பித்து, கொடுத்தவரிடமே சேர்ப்பித்தோம். பறித்து வைத்திருந்த காய்களையும் கடைக்கு அனுப்பவில்லை.

பிறகுதான் செடிக்கு வந்தோம். பெரும்பாலான செடிகளில் நுனி இலைகள் கவிழ்த்து வைத்த தோணி போலக் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தன. இலைகள் ஒடுங்கி, காம்பு மட்டும் நீண்டிருந்தது. இலையைத் திருப்பிப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூத்த மகனின் பாடசாலைக் கைவில்லையால் பார்த்தபோது தூசி போன்ற புள்ளிகள் மெல்ல அசைந்தன. அது சிற்றுண்ணி. தண்ணீர்க் குறையே இல்லை!

சிற்றுண்ணி பூச்சியினத்தைச் சேர்ந்ததல்ல. அது சிலந்தியின் உறவு. ஆகவே பூச்சிநாசினிகள் பலவற்றுக்கு அது சாவதில்லை. மாறாக, அதைத் தின்று வாழும் நல்ல உயிரிகள் செத்துவிடுகின்றன. தங்கச்சி மருந்து அடித்த பின் சுருள் கூடியதன் காரணம் இதுதான்.

சகோதரிகளே, இலைச்சுருள் என்பது காய்ச்சல் மாதிரி. அது ஒரு அறிகுறி மட்டுமே. மருந்தைத் தேடும் முன் காரணத்தைத் தேடுங்கள்.

தண்ணீர்: நடுப்பகலில் சுருண்டு பின்னேரம் விரிந்தால் அது வெயிலின் வேலை. ஒரு விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஈரமாக இருந்தும் இலை வாடித் தொங்கினால் தண்ணீர் கூடிவிட்டது. பையின் அடியில் துளை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். விறாந்தையில் வைக்கும் மணிபிளான்ட், அந்தூரியம் போன்றவற்றுக்கும் இந்தச் சோதனையே முதலாவது.

பனிப்பூச்சி: இலையின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு கிண்ணம் போலாகும். வெள்ளி அல்லது செம்பு நிறத் தழும்பு தெரியும். வெள்ளைக் கடதாசியின் மேல் நுனியைத் தட்டினால் மெல்லிய மஞ்சள் பூச்சிகள் ஊர்வதைக் காணலாம். வரட்சியில் இது பெருகும்.

அழுக்கணவன்: இலையின் அடியில் கூட்டமாக ஒட்டியிருக்கும். இலை பிசுபிசுக்கும், எறும்பு ஏறும்.

வைரஸ் நோய்: இலை சிறுத்து, சுருங்கி, மஞ்சள் படர்ந்து, செடி குட்டையாகவே நின்றுவிடும். இதைப் பரப்புவது வெண் ஈ. இந்நோய்க்கு மருந்தே கிடையாது. செடியைப் பையால் மூடிப் பிடுங்கி, தூரத்தில் புதைத்துவிடுங்கள். இரக்கப்பட்டு விட்டு வைத்தால் மற்றவற்றுக்கும் தொற்றும்.

தங்கச்சியின் 24 செடிகளில் 4 இப்படி இருந்தன. "காய் கிடக்குதே அக்கா" என்று மனமில்லாமல்தான் பிடுங்கினாள்.

மீதி 20 செடிகளுக்குச் செய்தது இதுதான். மோசமாகச் சுருண்ட நுனிகளை வெட்டி அகற்றினோம். இலைகளின் அடிப்புறம் படும்படி தண்ணீரை விசிறிக் கழுவினோம். பின்னர் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும், அது தண்ணீரோடு கலப்பதற்குச் சில துளி திரவச் சவர்க்காரமும் சேர்த்து நன்றாகக் கலக்கி, இலைக்கு அடியிலும் நுனியிலும் தெளித்தோம். முதல் நாள் ஒரு செடியில் மட்டும் தெளித்து, இலை கருகவில்லை என்று கண்ட பின்னரே மற்றவற்றுக்குத் தெளித்தோம். வெயில் தாழ்ந்த பின்பே தெளிக்க வேண்டும். முட்டைகள் ஒரே தடவையில் சாகாது. ஆகையால் ஐந்து நாளுக்கு ஒருமுறையாக மூன்று தடவை செய்தோம். பனிப்பூச்சிக்கும் அழுக்கணவனுக்கும் இதையே செய்யலாம்.

சிற்றுண்ணி இதற்கும் அடங்காவிட்டால் நீரில் கலக்கும் கந்தகத் தூள் உண்டு. லேபிளில் உள்ள அளவில் மட்டும் பாவியுங்கள். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்க வேண்டாம், இலை கருகிவிடும்.

ஒரு விடயத்தை மறக்காதீர்கள். சுருண்டு போன பழைய இலை திரும்ப விரியாது. "மருந்து வேலை செய்யவில்லை" என்று பலர் ஏமாறுவது இதனால்தான். புதிதாக வரும் துளிரைப் பாருங்கள். அது நேராக வந்தால் செடி பிழைத்துவிட்டது.

மூன்று வாரம் சென்று 18 செடிகளில் நேரான துளிர் வந்தது. இரண்டு தேறவேயில்லை. ஒரு மாத வருமானம் தங்கச்சிக்கு இல்லாமல் போனது. வேலியருகில் நின்று நான் சொன்ன ஒரு வார்த்தையால் பத்து நாள் வீணானதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவளோ முதல் பறிப்பில் ஒரு கைப்பிடி காய் கொண்டு வந்து தந்து, "இப்ப நானே இலையைத் திருப்பிப் பார்க்கிறன் அக்கா" என்றாள்.

உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் சுருண்ட நுனி ஒன்றைப் பையில் இட்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். குளிர்பானப் போத்தலில் யார் எந்த மருந்தைத் தந்தாலும் வீட்டுக்குள் எடுக்காதீர்கள். செடி போனால் இன்னொன்று நடலாம், சகோதரிகளே!

அடுத்த மாதம் சந்திப்போம்.